காய்ச்சல் விட்ட நாள்

அன்புள்ள கதிருக்கு,

போன் அடித்தேன், நீ எடுக்கவில்லை. தூங்கியிருப்பாய். எழுந்ததும் இதைப் படி.

நாலு நாள் காய்ச்சல் விட்டுவிட்டது, நாளை ஷிப்டுக்குப் போகிறேன் என்றாய். போகாதே. டெங்குவில் காய்ச்சல் விடும் நாள்தான் ஆபத்தான நாள்.

ரத்தக் குழாயின் உட்சுவரில் வழவழப்பான மெல்லிய படலம் ஒன்று உண்டு. உன் ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்று வந்திருக்கிறதே என்எஸ்1, அந்தப் புரதமும் வைரஸை எதிர்த்து உடம்பு கிளப்பும் கொந்தளிப்பும் சேர்ந்து அந்தப் படலத்தை அரிக்கும். குழாய் கிழியாது, கசியும். ரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றிலும் நெஞ்சுக்கூட்டிலும் இறங்கிவிடும்.

லேபில் இதைக் கண்ணால் பார்த்தவன் நான். அப்போதெல்லாம் ஊசி மாதிரி மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை ஏற்றி சென்ட்ரிஃப்யூஜில் சுற்றவிடுவோம். கீழே சிவப்பணு படியும். மேலே வெளிர்மஞ்சள் நீர் நிற்கும். ஒரு பையனுக்கு முதல் நாள் சிவப்பு 42 சதவீதம், மறுநாள் 51. சிவப்பணு கூடவில்லை, மஞ்சள் நீர்தான் வற்றியிருந்தது. உன் வயது, எந்த நோயும் இல்லாதவன். தானே நடந்து வந்து நன்றாகத்தான் பேசினான். கையைத் தொட்டால் சில்லென்று இருந்தது. உடனே சலைன் ஏற்றியதால் பிழைத்தான்.

டெங்குவால் படுப்பவர்களில் ஏறக்குறைய 20 பேரில் ஒருவருக்குத்தான் நோய் இப்படி முற்றும். ஆனால் டெங்குவில் நாலு வகை. ஒரு வகை வந்து போனவருக்கு வேறு வகை வந்தால் ஆபத்து கூடும். 2017-ல் தமிழ்நாட்டில் 23,294 பேருக்கு டெங்கு, 65 பேர் இறந்தார்கள். அந்த வருடம் பள்ளிக்கூடத்துப் பையனாக நீயும் படுத்திருந்தாய். மறந்திருப்பாய், உன் அம்மா மறக்கவில்லை.

எல்லாரும் பிளேட்லெட்டையே கேட்கிறார்கள். நீ பிசிவியையும், அதாவது நான் சொன்ன அந்தச் சிவப்புச் சதவீதத்தையும், கேள். இரண்டு மூன்று நாளைக்குத் தினமும் ரத்தம் பார். கஞ்சி, ஓஆர்எஸ் குடி. உடம்பு வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், புரூஃபன் கூடவே கூடாது. வயிறு விடாமல் வலித்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, ஈறில் ரத்தம் கசிந்தாலோ, கை கால் சில்லிட்டாலோ, விடியட்டும் என்று இருக்காதே. 108-ஐக் கூப்பிடு. மறைமலை நகரிலிருந்து ஜிஎஸ்டி சாலையிலேயே போனால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

சம்பளம் பிடித்தால் பிடிக்கட்டும், நான் அனுப்புகிறேன். ரூமில் இருக்கும் பையன்களுக்கும் இதைப் படித்துக் காட்டு. முகம் கழுவும் முன் எனக்கு ஒரு போன் போடு.

அன்புடன்,
மாமா