தோம்பேடும் குடிவரலாறும்

தந்தையின் பெயரை யாவரும் அறிவர். பாட்டனாரின் பெயரையும் பெரும்பாலோர் அறிவர். பாட்டனாரின் பாட்டனார் யாவர் என வினவினால், விடை கூறவல்லோர் மிகச் சிலரே. அரசர்தம் மரபினைக் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் விரித்துரைக்கின்றன. உழுதும் நெய்தும் மீன்பிடித்தும் வாழ்ந்த குடிமக்களின் மரபினை உரைப்பன யாவை? வரி வாங்குவதற்கும் வேலை வாங்குவதற்கும் எழுதப்பட்ட கணக்கேடுகளே அவை. எவருடைய புகழையும் பாடுவதற்காக எழுதப்படாத அவ்வேடுகள், இன்று தம் முன்னோரைத் தேடுவார்க்குக் கைவிளக்காய் உதவுகின்றன. அத்தகைய ஏடுகளை மிகுதியாக எழுதி வைத்தவருள் ஒல்லாந்தர் குறிப்பிடத்தக்கவர். டச்சுக்காரர் என்று நாம் வழங்குவது இவரையே.

கடம்பத்தூர் அமைந்துள்ள திருவள்ளூர் மாவட்டத்திலேயே, கடற்கரையோரத்தில் பழவேற்காடு என்னும் ஊர் உள்ளது. 1602ஆம் ஆண்டில் தோன்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1610ஆம் ஆண்டில் இவ்வூரில் கால்கொண்டனர். 1613இல் கெல்திரியா என்னும் கோட்டையை எழுப்பினர். சோழமண்டலக் கரையில் அவர்தம் வாணிகத்துக்கு இதுவே நெடுங்காலம் தலைமையிடமாய் விளங்கிற்று. 1690இல் தலைமை நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1825இல் பழவேற்காடு ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. இன்றும் அங்குள்ள ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தில், எலும்புக்கூட்டு உருவங்கள் செதுக்கிய வாயிலையும், பெயரும் ஆண்டும் பொறித்த கற்பலகைகளையும் காணலாம். ஆனால் அக்கற்கள் கம்பெனியாரைப் பற்றியே பேசுகின்றன. அவர்கட்குத் துணி நெய்து கொடுத்தவரையும், கப்பலில் மூட்டை ஏற்றியவரையும் பற்றி அறிய வேண்டின், நாம் கல்லை விட்டு ஏட்டை நாட வேண்டும்.

ஒல்லாந்தர் தம் தாய்நாட்டிலும் கணக்கெழுதுவதில் ஆர்வம் உடையவர். அந்நாடு முழுவதற்குமான முதற் குடிமதிப்பு 1795இல் எடுக்கப்பெற்றது. 1811 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசே பதிந்து வந்தது. 1830ஆம் ஆண்டை ஒட்டிப் பத்தாண்டுக்கு ஒருமுறை குடிமதிப்பு எடுக்கும் வழக்கம் தொடங்கிற்று. 1850 முதல் குடிப்பதிவேடு என்னும் நிலையான ஏடும் ஏற்பட்டது. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு அறியத்தக்கது. குடிமதிப்பு ஒரு நாளின் நிலையைக் காட்டும் படம் போன்றது. குடிப்பதிவேடோ, ஒரு குடும்பம் வீடு மாறிய நாளையும், பிள்ளை பிறந்த நாளையும், மகள் மணம் புரிந்து வேற்றூர் சென்ற நாளையும் தொடர்ந்து குறித்துச் செல்வது. ஆதலின் குடிவரலாறு ஆராய்வோர்க்கு முன்னதினும் பின்னது பெரிதும் பயன்படுகின்றது.

கடல் கடந்து தாம் ஆண்ட நாடுகளிலும் ஒல்லாந்தர் இவ்வழக்கத்தைக் கைவிடவில்லை. 1658இல் அவர்கள் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். போர்த்துக்கேயர் எழுதிவந்த ‘தோம்பு’ என்னும் பதிவேட்டினைத் தாமும் மேற்கொண்டனர். இச்சொல் போர்த்துக்கேய மொழியினின்று தமிழுக்கு வந்தது. ஒல்லாந்தர் இலங்கையில் எழுதிய தோம்புகள் பலவகைப்படும். தலைத் தோம்பில் குடும்பத் தலைவன், மனைவி, மக்கள் ஆகியோர் பெயரும், அக்குடும்பம் அரசுக்குச் செய்யக் கடமைப்பட்ட ஊழியமும் குறிக்கப்பட்டன. நிலத் தோம்பில் வயலும் தோட்டமும், அவற்றில் நின்ற மரங்களும், அவை எவ்வாறு உரிமையாயின என்பதும் எழுதப்பட்டன. இவற்றோடு, ஊர்ப் பள்ளி ஆசிரியர் காத்துவந்த பள்ளித் தோம்பு என்பதும் ஒன்று உண்டு. அதில் ஞானமுழுக்கும் திருமணமும் பதியப்பட்டன.

இத்தோம்புகளைப் பயன்படுத்துவது எங்ஙனம்? அறிந்ததினின்று அறியாததற்குச் செல்லுதலே முதல் விதி. பழைய ஏட்டைத் திறந்தவுடன் தம் குலப்பெயரைத் தேடப் புகுவோர் வழி தவறுவர். முதலில் வீட்டிலுள்ள முதியோரைக் கேட்டறிதல் வேண்டும். பின்னர் வீட்டிலுள்ள ஆவணங்களைக் காணல் வேண்டும். யாழ்ப்பாணத்தார் நில ஆவணத்தை ‘உறுதி’ என்பர். அங்கு ஒவ்வொரு நிலத்துண்டுக்கும் தனிப்பெயர் உண்டு. மனிதர் பெயர் மாறினும் நிலத்தின் பெயர் எளிதில் மாறுவதில்லை. ஆதலின் அப்பெயரையே நூலாகப் பற்றி, உறுதியிலிருந்து தோம்புக்குச் செல்லலாம். 1707இல் எழுத்துருப் பெற்ற தேசவழமைச் சட்டத்தின்படி சீதன நிலம் தாய்வழியே மகளிரைச் சேர்வது வழக்கம். எனவே நில ஏடுகளில் பெண்களின் பெயரும் காணக்கிடைக்கின்றன. 

இரண்டாவது விதி, எழுதியவனின் செவியை நினைவிற் கொள்ளுதல். ஒல்லாந்த எழுத்தன் தமிழ்ப் பெயரைத் தன் காதில் விழுந்தவாறு எழுதினான். அவன் மொழியில் ‘ஜே’ என்னும் எழுத்து யகர ஒலியுடையது. ‘ஓ’, ‘இ’ என்னும் ஈரெழுத்தும் சேர்ந்து வரின் உகர ஒலி தரும். இதனை அறியாதவர் தம் பாட்டனார் பெயர் கண்முன் இருந்தும் அதனைக் காணாது கடந்து செல்வர். மேலும், அரசுப் பதவிக்கும் சொத்துரிமைக்கும் ஞானமுழுக்கு இன்றியமையாததாய் இருந்த அக்காலத்தில், ஒருவர்க்கே ஏட்டில் ஒரு பெயரும் வீட்டில் மற்றொரு பெயரும் வழங்கின. இருபெயரும் ஒருவரையே குறிக்கும் என்பதனை நிலமும், மனைவி மக்கள் பெயரும் ஒத்துவருதல் கொண்டே துணிதல் வேண்டும்.

மூன்றாவது விதி, ஏட்டில் இல்லாதவரையும் எண்ணுதல். கம்பெனியார் பழவேற்காட்டினின்றும் சோழமண்டலத்துப் பிற துறைகளினின்றும் துணியை மட்டும் ஏற்றவில்லை; ஆயிரக்கணக்கான மக்களை அடிமைகளாகவும் ஏற்றிச் சென்றனர். அவருட் சிலர் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையை அடைந்தனர். அங்கும் ஒல்லாந்தர் ஆண்டுதோறும் குடிக்கணக்கு எடுத்தனர். அக்கணக்கில் தோட்ட உரிமையாளன் பெயர் உண்டு. அவன் மனைவி மக்கள் உண்டு. குதிரையும் மாடும் கொடிமுந்திரியும் உண்டு. அடிமைகளோ, ஆண் இத்தனை, பெண் இத்தனை என்னும் எண்ணாக மட்டுமே நின்றனர். விற்பனைச் சீட்டிலும், இறந்தவரின் சொத்துப் பட்டியலிலும் அவர்தம் பெயர் தென்படுகின்றது. அதுவும் பெரும்பாலும் அவருடைய தாய் இட்ட பெயரன்று. உடையவன் இட்ட பெயருடன், ‘சோழமண்டலத்தான்’ எனப் பொருள்படும் அடைமொழி சேர்ந்ததாகும். இன்று அவர் வழிவந்தோர் தம் மூதாதையின் ஊரைத் தேடும்போது, அவ்வொரு சொல்லே பலர்க்கு எஞ்சிய சான்றாக உள்ளது. ஒரு பெயரின் அருமையை இதனினும் தெளிவாக உணர்த்துவது யாது?

நம் நாட்டில் குடிமதிப்பு 1872இல் தொடங்கி, 1881 முதல் பத்தாண்டு முறையில் நிகழ்ந்து வந்தது. ஆயினும் 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிமனிதர் அளிக்கும் விவரம் பிறர் பார்வைக்கு உரியதன்று. ஆதலின் நம் குடிவரலாற்றை வேறு ஏடுகளிலேயே தேட வேண்டும். 1767 முதல் 1774 வரை தாமசு பர்னார்டு என்னும் ஆங்கிலப் பொறியாளர், செங்கற்பட்டுச் சீமையில் ஏறத்தாழ 2000 ஊர்களின் வீடுகளையும் நிலங்களையும் கணக்கெடுத்தார். சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் ஒல்லாந்தர் ஏடுகளும் உள்ளன. அவற்றுட் பெரும்பாலன கொச்சியைச் சார்ந்தவை. எஞ்சிய தோம்புகள் கொழும்பிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் காக்கப்படுகின்றன. ஒல்லாந்தக் கம்பெனியின் ஏடுகளை யுனெஸ்கோ நிறுவனம் 2003இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துச் சிறப்பித்தது.

மாணவர்களே! ஏடு செல்லுக்கு இரையாகும். முதியோர் நினைவோ அதனினும் விரைவில் மறையும். உங்கள் பாட்டன் பாட்டியரை அணுகி, அவர்தம் பெற்றோர் பெயரையும் ஊரையும் தொழிலையும் கேட்டு, ஆண்டும் நாளும் இட்டு எழுதி வையுங்கள். ஆண்மக்கள் பெயரோடு பெண்மக்கள் பெயரையும் மறவாது எழுதுங்கள். பிறர் வரிக்காக எழுதிய கணக்கே நமக்கு இத்துணைப் பயன் தருமாயின், நாமே அன்பினால் எழுதும் ஏடு நம் வழிவருவோர்க்கு எத்துணைப் பயன் தரும்!

வினாக்கள்

1. குடிமதிப்புக்கும் குடிப்பதிவேட்டுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. தோம்பின் வகைகளையும், ஒவ்வொன்றிலும் எழுதப்பட்டவற்றையும் கூறுக.
3. தோம்பில் முன்னோரைத் தேடுவதற்கு நிலத்தின் பெயர் எவ்வாறு துணைசெய்கின்றது?
4. ‘ஏட்டில் இல்லாதவரையும் எண்ணுதல்’ என்பதனை விளக்கி ஒரு பத்தி வரைக.