இல்லத்திற்கேற்ற கம்பியற்ற தொலைபேசி

கார்ட்லெஸ் எனப்படும் கம்பியற்ற தொலைபேசி இரண்டு உறுப்புக்களை உடையது. தொலைபேசிக் கம்பியோடு பிணைந்த அடிப்பெட்டி ஒன்று. கையிற்கொண்டு உலவும் பேசுகருவி மற்றொன்று. இவற்றினிடையே வானொலி அலைகளே தூது செல்கின்றன.

இதனை வாங்குவோர் முதற்கண் ஆராயத்தக்கது மறைகாப்பு. பழைய கருவிகளிற் பேசியவற்றை அயலார் எளிதிற் கேட்கக்கூடும். டெக்ட் முறைக் கருவிகளோ பேச்சை மறைகுறியாக்கி அனுப்பவல்லன. அவ்வசதி உண்டாவென வினவி வாங்குக.

இரண்டாவது, எட்டுந் தூரம். வெட்டவெளியில் ஏறக்குறைய 300 மீட்டர் எட்டுவது, சுவர்களுக்கிடையே 50 மீட்டராகக் குறையும். ஆதலின் அடிப்பெட்டியை இரும்புப் பீரோவின் அருகில் வையாது, வீட்டின் நடுவே உயரத்தில் வைத்தல் நலம்.

மூன்றாவது, மின்கலம். கடைகளிற் கிடைப்பதும் நாமே மாற்றத்தக்கதுமான கலமுடைய கருவியே நெடுநாள் உழைக்கும்.

இவையனைத்தினும் தலையாயது ஒன்றுண்டு. மின்சாரம் நின்றால் அடிப்பெட்டி ஊமையாகும். செப்புக்கம்பியிற் பிணைந்த பழைய தொலைபேசியோ, நிலையத்தினின்றே ஏறக்குறைய 48 வோல்ட் மின்னழுத்தம் பெற்று இருளிலும் ஒலிக்கும். ஒளியிழை இணைப்பிற்கு அப்பேறு இல்லை. நள்ளிரவில் தனித்திருக்கும் மூதாட்டி மருத்துவரை அழைக்க நேருமன்றோ? ஆகவே, செப்புக்கம்பியுடையோர் பழைய கருவியையும் ஒரு மூலையிற் காப்பாராக. ஏனையோர் அடிப்பெட்டிக்கும் மோடத்திற்கும் மின்சேமக்கலம் அமைப்பாராக.