பிலிம்பிச் சாறு

புளிப்புச் செர்ரிப் பழச்சாறு மூட்டுவாதத்திற்கு நல்லதென மேனாட்டார் கூறுவர். டெக்சாஸில் புளோ என்பவர் 12 நோயாளிகளைப் பற்றி 1950-ல் எழுதினார். பின்வந்த சோதனைகளோ ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. அப்பழம் நமது ரந்தாவில் ஏது? வேலியோரம், மரத்தின் தண்டிலேயே கொத்தாய்க் காய்க்கும் பிலிம்பிதான் நமக்குள்ள புளிப்பு. மலாய்க்காரர் இதைப் பிலிம்பிங் பூலோ என்பர்.

மசாக் லெமாக்கிலும் மீன் குழம்பிலும் நான்கைந்து காய் போடுவதில் குற்றமில்லை. நாமும் ருசித்தே உண்கிறோம். கொழுப்புக் கரையும், சர்க்கரை இறங்கும் என்று அடுத்த வீட்டார் சொல்லக் கேட்டு, டம்ளர் டம்ளராய்ப் பிழிந்து குடிப்பதுதான் ஆபத்து. இக்காயில் ஆக்ஸாலிக் அமிலம் மிகுதி. அது கால்சியத்துடன் கூடிச் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் படிகமாய்ப் படிந்து அடைத்துவிடும்.

கேரளத்தில் இதற்கு இரும்பன் புளி என்று பெயர். அங்கே இச்சாற்றைக் குடித்துச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்த 10 பேரைப் பற்றி 2013-ல் மருத்துவர்கள் எழுதினர். ஐந்து மருத்துவமனைகளில் சேர்ந்தவர்கள் அவர்கள். எழுவருக்கு இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரிக்க நேர்ந்தது!

ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறுடையோர், பிலிம்பிக்கு உறவான நட்சத்திரப் பழத்தையும் தொடலாகாது. தீராத விக்கலும் வலிப்பும் உண்டாகும். சாறு குடித்தபின் சிறுநீர் குறைந்தால் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குச் சென்று, குடித்ததை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.