தாங்கி நிற்கும் சொல்

ஒரு சொல் பல பொருள்களைக் குறிப்பது எல்லா மொழிகளிலும் காணப்படும் இயல்பாகும். கட்டடக்கலையில் வழங்கும் ‘பியர்’ என்னும் ஆங்கிலச் சொல் அதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. ஏறத்தாழ 12ஆம் நூற்றாண்டில், நடுக்கால இலத்தீன் மொழியிலிருந்து ஆங்கிலத்திற்கு வந்த இச்சொல், முதலில் பாலத்தைத் தாங்கும் தூணையே குறித்தது.

பின்னர், அலைகளைத் தடுக்கத் துறைமுகத்தில் எழுப்பிய கற்சுவரும், கப்பல்கள் வந்து அணையுமாறு கடலுக்குள் நீண்ட மேடையும் அப்பெயர் பெற்றன. கட்டடங்களில், இரண்டு சாளரங்களுக்கு இடையே நின்று மேற்சுவரின் பாரத்தைத் தாங்கும் சுவர்ப்பகுதியும் ‘பியர்’ எனப்பட்டது.

நம் நாட்டு மொழிகள் இவற்றை வேறு வகையில் நோக்கின. தமிழர் தூணைக் ‘கால்’ என்றனர். பந்தற்கால், ஆயிரங்கால் மண்டபம் என்னும் வழக்குகள் இதற்குச் சான்று. கடலுக்குள் நீளும் மேடையைத் தமிழரும் மலையாளிகளும் ‘கடற்பாலம்’ என்றனர். ஆங்கிலேயர் தாங்கும் உறுப்பின் பெயரால் அழைத்ததை, இவர்கள் நடந்து செல்லும் பாதையின் பெயரால் அழைத்தனர். கேரளத்தின் ஆலப்புழையில் 1862இல் அமைந்த கடற்பாலத்தின் மேற்பகுதி அழிந்துவிட்டது. அதன் இரும்புத் தூண்களே இன்று எஞ்சியுள்ளன.

தாங்கும் உறுப்பின் அருமையைப் பாம்பன் பாலத்தின் வரலாறும் உணர்த்துகிறது. 1914இல் திறக்கப்பட்ட அந்த இரயில் பாலத்தை 1964 டிசம்பரில் பெரும்புயல் தாக்கியது. தண்டவாளத்தைத் தாங்கிய இரும்பு உத்தரங்கள் பல கடலில் வீழ்ந்தன. தூண்களோ நிலைத்து நின்றன. வீழ்ந்த உத்தரங்களுள் பலவற்றைக் கடலிலிருந்து மீட்டு, அத்தூண்களின் மீதே மீண்டும் அமைத்தனர். பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாள்களில் அப்பணி நிறைவுற்றது. தூண்களும் சாய்ந்திருந்தால், தீவுக்குச் செல்லும் இரயில் அவ்வளவு விரைவில் ஓடியிராது.

பாலத்தைக் கடப்போர் கண்ணில் தூண் படுவதில்லை. எனினும், பாலம் நிற்பது அதன் வலிமையால்தான்.

சொற்பொருள்

சாளரம் – சன்னல்
பாரம் – சுமை
உத்தரம் – தூண்களின் மேல் கிடத்தப்படும் விட்டம்
அருமை – சிறப்பு

பயிற்சி

1. ‘பியர்’ என்னும் சொல் முதலில் எதனைக் குறித்தது?
2. ‘கடற்பாலம்’ என்னும் பெயர் எந்த நோக்கில் அமைந்தது?
3. பாம்பன் பாலத்தை விரைவில் சீரமைக்க இயன்றது எவ்வாறு?
4. பல பொருள் தரும் தமிழ்ச் சொற்கள் மூன்றினை எழுதுக.