கடலில் மிதக்கும் இரும்பு
(இளம் அறிவியல், இரண்டாம் ஆண்டு)

இரும்புத் துண்டைக் கிணற்றில் போட்டால் மூழ்கும் என்பது சிறு பிள்ளையும் அறிந்ததே. ஆயினும், பாம்பனில் 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாலத்தின் அருகே 2.08 கி.மீ. நீளமுள்ள புதிய இரயில் பாலம் எழும்பியது மிதக்கும் இரும்பின் துணையால்தான். 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் திறந்து வைக்கப்பட்ட இப்பாலத்தில், கப்பல் செல்ல மேலெழும் கண் மட்டும் 72.5 மீட்டர். நடுக்கடலில் கிரேனையும் கம்பியையும் சுமந்தவை எஃகு மிதவைகள். அவற்றை இழுத்தும் தள்ளியும் திரிபவை சிறு எஃகுப் படகுகள். சுற்றுலா வருவோர் படம் பிடிப்பது பாலத்தை மட்டுமே!

மரத்தை விட்டு எஃகை நாடுவது ஏன்? தூணில் மோதினால் மரம் பிளக்கும். கண்ணாடி இழைப் படகு விரிசல் விடும். எஃகு நெளியும், அவ்வளவே. நெளிந்த தகட்டை வெட்டி எடுத்துவிட்டு, கரையிலேயே வேறு தகடு வைத்துப் பற்றவைத்து விடலாம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வெல்டராக இருக்கும் என் தந்தையார், "ஒடையாம நெளியுதுன்னா அது நல்ல இரும்புடா" என்பார். ஐந்தாம் வகுப்போடு நின்றவர் அவர். மீளா உருமாற்றம் என்று நாங்கள் தேர்வில் எழுதுவதும் அதைத்தான்.

இனி ஒரு கணக்கு. 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரமுள்ள மூடிய பெட்டி. தகட்டின் கனம் 8 மி.மீ. மொத்தப் பரப்பு 145 சதுர மீட்டர். எஃகின் அடர்த்தி கன மீட்டருக்கு 7,850 கிலோ ஆதலால் தகட்டின் எடை ஏறத்தாழ 9 டன். உட்சட்டங்களுக்கு 3 டன் சேர்ப்போம். கடல்நீரின் அடர்த்தி 1,025 கிலோ. ஆர்க்கிமிடீஸ் விதிப்படி இப்பெட்டி 23 செ.மீ. அமிழும். 20 டன் ஏற்றினாலும் 62 செ.மீ.தான். வெள்ளானூரில் கடல் ஏது? எண்ணெய் டின்னை ஏரியில் மிதக்கவிட்டு நான் இவ்விதியைச் சோதித்தேன்.

கிரேன் ஏறினால் நிலைமை வேறு. தளத்தில் கிடக்கும் பாரத்தை ஓர் அங்குலம் தூக்கினாலும், அதன் எடை முழுவதும் கிரேனின் கைநுனியில் தொங்குவதாகவே கொள்ள வேண்டும். ஈர்ப்பு மையம் சட்டென உயர்ந்து மிதவை சாயப் பார்க்கும். இவை அழகின்றி அகலப் பெட்டியாக இருப்பதன் காரணம் இதுவே.

எஃகின் பகை துரு. வெளிப்புறத்தில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துகின்றனர். எஃகிற்குப் பதிலாக அவை அரிபடும். உட்புறத் துருவோ ஆளையே கொல்லும். மாதக்கணக்கில் மூடிய அறையில் துரு பிடிக்கும்போது, உள்ளிருக்கும் காற்றின் பிராணவாயுவை இரும்பு உண்டுவிடுகிறது. வாடையும் இராது, புகையும் இராது. இறங்கியவர் சுருண்டு விழுவார். அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார்.

மிதவை பழுதுபார்க்கச் சென்ற என் பெரியப்பா மகனை, ஓர் ஒப்பந்தக்காரர் மூடியைத் திறந்த கையோடு இறங்கச் சொன்னாராம். வேதியியல் வகுப்பில் கேட்டதை நான் முன்பே அண்ணனிடம் சொல்லியிருந்தேன். அவர் மறுத்தார், அன்றைய கூலி போயிற்று. செய்ய வேண்டியது இதுதான்: எல்லா மூடிகளையும் திறந்து, ஊதுவிசிறியால் காற்றைச் செலுத்தி, பிராணவாயு 21 சதவீத அளவுக்கு வந்ததைக் கருவியால் அளந்தறிந்து, மேலே ஒருவர் கயிற்றுடன் நிற்க, பிறகே இறங்க வேண்டும். அக்கருவி சட்டைப் பையில் அடங்கக்கூடியது.