தறியும் நூலும்

சேலம் மாவட்டத்து ஜலகண்டாபுரம் நெசவுத் தொழில் மிக்க ஊர். அவ்வூர் மாணவன் ஒருவன், “ஆங்கிலப் பழங்கதைகள் நமக்கு எதற்கு?” என வினவலாம். அதற்கு விடை ஒரு நெசவாளியின் கதையிலேயே உளது.

1861ஆம் ஆண்டில் ‘சைலஸ் மார்னர்’ என்னும் புதினம் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதனை இயற்றியவர் மேரி ஆன் எவான்ஸ் என்னும் பெண்மணியார். ஜார்ஜ் எலியட் என்பது அவர்தம் புனைபெயர். கதைத்தலைவனாகிய சைலஸ் தறி நெய்து வாழ்பவன். அவன் செய்யாத திருட்டுக்குப் பழி ஏற்றான். அப்பழிக்குக் காரணமானவன் அவனுடைய நெருங்கிய நண்பனே! மனம் உடைந்த சைலஸ் வேற்றூர் சென்று தனித்து வாழ்ந்தான். இரவுதோறும் பொற்காசுகளை எண்ணுவதே அவனுக்கு இன்பமாயிற்று. அப்பொன்னும் ஒருநாள் களவு போயிற்று.

பின்னர்ப் பனி பெய்த ஓர் இரவில், தாயை இழந்த பெண்மகவு ஒன்று அவன் குடிலுள் புகுந்தது. அடுப்பருகே ஒளிர்ந்த அதன் பொன்னிறக் கூந்தலைக் கண்டு, இழந்த பொன்னே மீண்டதென அவன் மயங்கினான். அம்மகவை அன்புடன் வளர்த்தான். அதன் பொருட்டு ஊராரோடும் உறவாடினான். பதினாறு ஆண்டுகள் கழிந்தபின், செல்வனாகிய தந்தை உரிமை கோரி வந்தான். பெண்ணோ, வளர்த்தவனைப் பிரிய மறுத்தாள்.

பழியும் தனிமையும் பொருட்பற்றும் அன்பும் ஒரு நாட்டுக்கே உரியன அல்ல. தறி வேறு, நூல் வேறு. நெய்பவன் நெஞ்சம் ஒன்றே. ஆதலின், அக்கதை ஜலகண்டாபுரத்துக்கும் உரியதேயாம்.