பெயர் போய்ச் சேர்ந்ததா?

நியூஜெர்சியின் எடிசன் பக்கம் கோடைக்காலத்தில் எந்தப் பூங்காவுக்குப் போனாலும், பெஞ்சில் நம் ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். கிரீன் கார்டோடு ஐந்து வருடம் தொடர்ந்து இங்கே இருந்து, 65 வயதும் ஆகிவிட்டால் மாதக் கட்டணம் கட்டி, முதியோருக்கான மருத்துவக் காப்பீடான மெடிகேரில் சேரலாம். சேர்ந்தபிறகு பேச்சு விசாவிலிருந்து மாத்திரைக்கு மாறிவிடுகிறது. மத்திய அரசின் மெடிகேரும், நியூஜெர்சி மாநிலத்தின் மருந்து உதவித் திட்டமான பி.ஏ.ஏ.டி.யும் உறுப்பினர் பட்டியலைப் பகிர்ந்துகொள்கின்றன. அதைப் பற்றி அந்த பெஞ்சில் கேட்டவை இவை.

"ரெண்டும் கவர்மென்ட்தானே, அவங்களுக்குள்ள பேசிக்குவாங்க."

தானாகப் பேசிக்கொள்வதில்லை. மெடிகேரின் மருந்துப் பகுதியான பார்ட் டி தொடங்கியது 2006 ஜனவரி 1 அன்று. பணம் மத்திய அரசுடையது, நடத்துவது தனியார் காப்பீட்டு நிறுவனங்கள். பி.ஏ.ஏ.டி. 1975லேயே வந்தது. இதேபோன்ற திட்டங்களான, பென்சில்வேனியாவில் லாட்டரிப் பணத்தில் ஓடும் பேஸ் 1984இல் வந்தது, நியூயார்க்கின் எபிக் 1987இல். ஒவ்வொன்றுக்கும் தனிக் கணினி, தனி உறுப்பினர் எண். அதனால் மாநிலம், மெடிகேரை நிர்வகிக்கும் சி.எம்.எஸ். அமைப்போடு ஒப்பந்தம் போட்டு, மாதாமாதம் தன் பட்டியலை அனுப்புகிறது. அந்தப் பட்டியலில் உள்ளவர்களில் யார் யார் எந்தப் பார்ட் டி திட்டத்தில் இருக்கிறார்கள் என்று பதில் வருகிறது. இன்னாருக்கு மாநில உதவியும் உண்டு என்ற செய்தி காப்பீட்டு நிறுவனத்துக்கும் போகிறது.

பட்டியல் ஒழுங்காகப் போகாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பார்ட் டியின் தொடக்க மாதமே காட்டிவிட்டது. ஏழைகளுக்கான மெடிகெய்டில் மருந்து வாங்கிக்கொண்டிருந்த சுமார் 60 லட்சம் பேரை ஒரே இரவில் பார்ட் டிக்கு மாற்றினார்கள். மருந்துக்கடைக்குப் போனால் பலருடைய பெயர் கணினியில் இல்லை. பெயர் இருந்தவர்களிலும் சிலருக்குச் சலுகை பதிவாகவில்லை. அவர்களால் கட்டவே முடியாத தொகையைக் கணினி கேட்டது. பல மாநிலங்கள் தங்கள் கஜானாவைத் திறந்துதான் சமாளித்தன. அலமாரியில் மருந்து இருந்தது, திட்டத்தில் பணம் இருந்தது, பெயர்தான் வந்து சேரவில்லை. இரண்டு திட்டத்திலும் இருக்கும் இந்த ஏழைகளின் பட்டியலை மாநிலங்கள் தினந்தோறும் அனுப்ப வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. ஊரில் ரேஷன் கடையைக் கிண்டல் செய்துவிட்டு விமானம் ஏறியவர்கள் இதையும் ஒரு ஓரத்தில் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

"பட்டியல் போச்சுன்னா நாம சாப்பிடற மாத்திரை எல்லாம் அவங்களுக்குத் தெரிஞ்சுடும்."

பட்டியலில் போவது பெயர், பிறந்த தேதி, பாலினம், மெடிகேர் எண் அல்லது சோஷியல் செக்யூரிட்டி எண், உதவி தொடங்கும் தேதி, முடியும் தேதி, பில்லை எந்தக் கணினிக்கு அனுப்புவது என்ற குறியீடுகள். மாத்திரையின் பெயர் அதில் கிடையாது.

அதற்காக மருந்து விவரம் வெளியே போவதே இல்லை என்று ஆறுதல் சொன்னால் பொய் சொன்னவனாவேன். பார்ட் டியில் வாங்கும் ஒவ்வொரு மருந்தின் கணக்கும் காப்பீட்டு நிறுவனம் வழியாக சி.எம்.எஸ்.ஸுக்குப் போகத்தான் செய்கிறது. அது வேறு வழி. மாநிலம் பட்டியலை அனுப்பாவிட்டாலும் போகும்.

"ஸ்டேட் குடுக்கற காசு நம்ம கணக்குல சேராது."

பெஞ்சுப் பேச்சிலேயே அதிகம் நஷ்டம் தரக்கூடியது இதுதான். பார்ட் டி மருந்துகளுக்கு நாம் கைக்காசாகக் கட்டுவதற்கு 2025இலிருந்து ஆண்டு உச்சவரம்பு வந்துவிட்டது. அந்த ஆண்டு 2,000 டாலர், 2026இல் 2,100 டாலர். அதைத் தொட்டுவிட்டால், திட்டத்தில் அடங்கிய மருந்துக்கு அந்த ஆண்டு முடியும்வரை ஒரு காசு கட்ட வேண்டாம். தகுதிபெற்ற மாநில உதவித் திட்டம் நமக்காகக் கட்டுவதும் நாமே கட்டியதாகத்தான் இந்தக் கணக்கில் ஏறும். முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் துறையோ, வேலையில் அடிபட்டவர்களுக்கான காப்பீடோ கொடுப்பது ஏறாது.

மருந்துக்கடையில் நடப்பதைப் பார்த்தால் புரியும். கார்டில் நான்கு எண்கள் இருக்கும்: பி.ஐ.என்., பி.சி.என்., குரூப், உறுப்பினர் எண். பில் முதலில் பார்ட் டி நிறுவனத்துக்குப் போகிறது. 47 டாலர் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். அது பி.ஏ.ஏ.டி.க்குப் போகிறது. ஜெனரிக் மருந்தென்றால் நம் கையிலிருந்து 5 டாலர், பிராண்ட் மருந்தென்றால் 7. எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். நாம் கட்டியது 5 டாலர்தான், ஆனால் உச்சவரம்புக் கணக்கில் ஏறுவது 47. மிச்சம் 42 டாலரைக் கட்டியது எந்தத் திட்டம் என்பதை அந்த எண்களை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். பட்டியலில் பெயர் இல்லையென்றால் அந்த 42 டாலர் கணக்கில் ஏறாமலே போகலாம். மாநிலத்துக்கும் இதில் சுயநலம் உண்டு: நாம் உச்சவரம்பைச் சீக்கிரம் தொட்டால் அதன் செலவும் அன்றோடு நிற்கும்.

"பேர்ல ஒரு எழுத்து தப்பினா அவ்வளவுதான்."

இதில் பாதி உண்மை. எண் பொருந்தியபிறகு கணினி நான்கு விஷயங்களைப் பார்க்கிறது: முதற்பெயரின் முதல் எழுத்து, குடும்பப்பெயரின் முதல் ஆறு எழுத்து, பிறந்த தேதி, பாலினம். நான்கில் மூன்று ஒத்துப்போனால் போதும். ஆகவே சுப்பிரமணியன் என்று 'ன்' போட்டு முடித்தாலும், சுப்பிரமணியம் என்று 'ம்' போட்டு முடித்தாலும் கணினிக்குக் கவலையில்லை. ஆங்கிலத்தில் முதல் ஆறு எழுத்து ஒன்றேதான். எண்ணிலும் குழப்பம் குறைந்திருக்கிறது. பழைய மெடிகேர் கார்டில் சோஷியல் செக்யூரிட்டி எண்ணையே அச்சடித்திருந்தார்கள். 2018 ஏப்ரலிலிருந்து அனுப்பிய புதிய கார்டில் 11 இடங்கள் கொண்ட தனி எண். இலக்கத்தோடு குழம்பக்கூடிய எஸ், எல், ஓ, ஐ, பி, இசட் ஆறையும் அதில் சேர்க்கவே இல்லை.

நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். இனிஷியலை விரித்து எழுதும்போது ஒரு படிவத்தில் அப்பா பெயர் குடும்பப்பெயராகும், இன்னொன்றில் சொந்தப் பெயரே குடும்பப்பெயராகும். பெயர் இடம் மாறினால் நான்கில் இரண்டு போய்விட்டது. மிச்சம் இருக்கும் பிறந்த தேதியும் பாலினமும் மட்டும் போதாது.

என் மாமனாருக்கு அதுதான் நடந்தது. விண்ணப்பத்தை நிரப்பியவன் நான்தான். இரண்டு மாதம் நோயாளியின் பங்கான கோபே முழுவதையும் அவரே கட்டினார். ரசீதுகளை மட்டும் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். பெயரைத் திருத்திய பிறகு அவைதான் கைகொடுத்தன. சரியான விவரம் கைக்கு வந்த 45 நாளுக்குள் பார்ட் டி நிறுவனம் பழைய கணக்கைத் திருத்திப் பணத்தைத் தர வேண்டும்; மருந்து வாங்கிய நாளிலிருந்து மூன்று வருடம்வரை இப்படித் திருத்தலாம். காசோலை வந்த அன்று மாமனார் தொகையைப் பார்க்கவில்லை. உறையின் மேல் தன் பெயர் எந்த வரிசையில் இருக்கிறது என்றுதான் பார்த்தார்.